அரசலாத்து முதலை

சொல்தா லெயோன் ஒவ்வொரு வருஷமும் தான் உயிரோடு இருப்பதைப் பிரான்சு அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, ஊரில் உட்கார்ந்து பென்ஷன் வாங்குகிற எல்லாருக்கும் உள்ள சடங்கு அது. ஆபீசில் போய் நின்று, ஆள் இருக்கிறார் என்று ஒரு முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களைக் காரைக்கால் இன்னமும் சொல்தா என்றுதான் சொல்கிறது. லெயோன் அப்படிப் போனவர். ஆப்பிரிக்காவில் ஜிபூத்தி வெயிலில் பாதி ஆயுளைக் காயவைத்துவிட்டு வந்து, ரோசலியைக் கட்டி, ஒலிவியே, ஆமெலி என்று இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். அறுபத்தைந்து வயதுக்கு முதுகு இன்னும் வளையவில்லை. அதுதான் பிரச்சினையே என்று ரோசலி சொல்லுவாள்.

அரசாங்கம் முத்திரையைப் பார்த்து ஒப்புக்கொண்டது. மகன் விஷயத்தில்தான் எந்த முத்திரையும் செல்லவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெந்த வீட்டிலும் இல்லாத வழக்கம், இருக்கவும் கூடாத வழக்கம். இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்னால் லெயோன் மேசை ஓரத்தில் விறைப்பாக நின்று எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பட்டாளத்தில் இதற்கு லாப்பெல் என்று பேர். “ஆமெலி?” என்றால் குழந்தை, “ப்ரெஸான்த்” என்று கீச்சுக் குரலில் சொல்ல வேண்டும். “ஒலிவியே?” என்றால் “ப்ரெஸான்.” ஆஜர் என்று அர்த்தம். சொல்லாத பிள்ளைக்குச் சோறு கிடையாது. ரோசலியையும் அவர் விட்டுவைக்கவில்லை, அவள் பெயர்தான் முதலில் வரும். ஆனால் அவள் ஒரு நாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. “இங்கதானே நிக்கிறேன், எங்க போயிட்டேன்? கொழம்பு ஆறுது, உக்காருங்க” என்பாள். பிள்ளைகள் சிரிக்கும். லெயோனும் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு உட்காருவார்.

ஒலிவியேவைப் பட்டாளத்துக்கு அனுப்பியது லெயோன்தான். பையனுக்கு அதில் மனசில்லை என்பது தெருவுக்கே தெரியும், லெயோனுக்கு மட்டும் தெரியவில்லை. பிரான்சுக்குப் போய்ப் பயிற்சியில் சேர்ந்தவன், சில மாதத்திலேயே எனக்கு ஒத்துவரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். ஒரு கிடங்கில் ராத்திரிக் காவல் வேலை தேடிக்கொண்டான். அதைப் போனில் சொன்னபோது லெயோன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். போனை வைத்தார், சட்டையை மாட்டினார், மாதா கோயில் ஆபீசுக்கு நடந்தார்.

செத்தவர்களுக்காகப் பூசைக்குப் பெயர் கொடுப்பது கிறிஸ்தவ வீடுகளில் சாதாரணம். நினைவு நாள் வந்தால் பெயரை எழுதிக் கொடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்கும் முன் சாமியார் வாசிப்பார். அந்த ஞாயிறு, ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத சாமியார், பாவம், முன்பின் தெரியாமல் வாசித்தார்.

“லெயோன் குடும்பத்தார் ஒப்புக்கொடுக்கும் பூசை. மகன் ஒலிவியேயின் ஆன்மா இளைப்பாற.”

மற்ற வீடுகளில் ‘உன்னைத் தலை முழுகிட்டேன்’ என்று கத்துவார்கள், மறுநாள் சாப்பிட்டியா என்று கேட்பார்கள். லெயோன் வாயைத் திறக்கவில்லை. பீடத்திலிருந்து சொல்ல வைத்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரத்தோடு ஒழுங்கும் சேர்ந்துகொண்டால் அது இன்னும் மோசம், எதையும் முறையாகச் செய்து தொலைக்கும்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ரோசலியைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பூசை முடிந்ததும் இரண்டு பேர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். “எப்பம்மா? ஒரு வார்த்த சொல்லலியே” என்றாள் ஒருத்தி. என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று கோயில் வாசலில் நின்று ஒவ்வொருத்தருக்கும் ரோசலி சொல்ல வேண்டியிருந்தது. ஏன் அப்படிப் பெயர் வந்தது என்பதை அவள் சொல்லவில்லை. அவர்களுக்கே புரிந்துவிட்டது.

அன்று இரவு லெயோன் மேசை ஓரத்தில் நின்றார். “ரோசலி?” என்றார். பதில் வரவில்லை. அவள் அடுப்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவள் அவரோடு பேசினாள், சோறு போட்டாள், காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அந்த ஒரு கூப்பிடலுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள்.

ஒலிவியேவுக்கு அடக்கத்துக்கு வந்துசேர முடியவில்லை. பிறகு வந்தான். வந்தது லெயோனுக்குத் தெரியாது. விமானத்திலிருந்து இறங்கி நேரே காரைக்கால் வந்து, லாட்ஜில் தங்கி, கல்லறைக்குப் போய்விட்டு, வீட்டு வாசற்படி மிதிக்காமல் திரும்பிப் போய்விட்டான். கல்லறைக் காவலுக்கு இருக்கிற மாரிக்கண்ணுதான் பிறகு சொன்னார்.

“ஒங்க மவன் வந்திருந்தாருங்க. அம்மா கல்லறையில ரெண்டு மெழுகுவத்தி ஏத்துனாரு. ஒண்ணு அம்மாவுக்கு, இன்னொண்ணு யாருக்கு தம்பின்னு கேட்டேன். பதில் சொல்லாம போயிட்டாரு.”

அந்த இரண்டாவது மெழுகுவத்தி லெயோனை விடவில்லை. ராத்திரி சாப்பாட்டு நேரம் வந்தால் கால் தானாக மேசை ஓரத்தில் போய் நிற்கும். வாய் ‘ரோ’ என்று திறந்து அப்படியே நின்றுவிடும். அடுப்படியில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். வேலை முடிந்து வருகிற ஆமெலி தட்டைக் கொண்டுவந்து வைக்கிறவரை அவரால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் அவள் நிற்பாளோ என்று பயம், நிற்க மாட்டாளே என்றும் பயம். பிரான்சுக்குப் போன் போட்டால் மணி அடித்து ஓயும். எங்கோ ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து ஆமெலிக்கு அழைப்பு வந்தால் லெயோன் கைவேலையைப் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்ப்பார். உயிரோடிருக்கிற பிள்ளைக்குச் செத்தவன் பூசை வைத்தாயிற்று. அது பலித்துவிட்டால்? நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. இவர் கொட்டியதோ கோயிலில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆமெலியின் அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“ஆமெலி, நான் நாக் ஆயிட்டேன். மாடியில ஒரு கேம்பர் இருக்கான். ஸோன் வருது, சீக்கிரம் ரிவைவ் பண்ணு.”

ஒலிவியேயின் குரல். இத்தனை வருஷமாகக் காதில் விழாத குரல். லெயோன் துணியும் தட்டுமாகக் கதவோரத்தில் நின்றுவிட்டார். குரல் எலும்புவரை போனது, ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தை புரியவில்லை. மகனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்பது மட்டும் புரிந்தது. உள்ளே ஆமெலி சாவகாசமாக, “இரு வரேன்” என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அன்று சாப்பிடும்போது லெயோன் கேட்டார். “பாப்பா, நாக்குன்னா என்னா?”

ஆமெலி கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவள். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள், மற்றபடி சாது. அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒட்டுக் கேட்டிருக்கிறார் என்பது தெரிந்துபோயிற்று. ஆனாலும் சொன்னாள்.

“நாங்க போன்ல ஆடுற துப்பாக்கி விளையாட்டு அது. குண்டடி பட்டு விழுந்துட்டான்னு அர்த்தம். சாகலை. தவழ்ந்துகிட்டு இருப்பான். கூட இருக்கிறவன் வந்து தூக்கிவிட்டா எழுந்திருச்சுக்கலாம். அதுதான் ரிவைவ்.”

“தூக்கிவிடலன்னா?”

“செத்துருவான். வட்டம் ஒண்ணு சுருங்கிக்கிட்டே வரும். அதுதான் ஸோன். வெளிய மாட்டுனாலும் செத்துருவான்.”

“அந்தக் கேம்பரு?”

“கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டு, யாரு வராங்கன்னு காதை மட்டும் தீட்டிக்கிட்டு நிப்பான். அவனை யாருக்கும் புடிக்காது” என்று சொல்லிவிட்டு ஆமெலி அவர் முகத்தைப் பார்த்தாள். லெயோன் மீனில் முள் எடுக்கத் தொடங்கினார்.

அப்படி ஆரம்பித்ததுதான். ஒவ்வொரு ஞாயிறும் கதவோரம், ஒவ்வொரு இரவும் பாடம். நூப் என்றால் கற்றுக்குட்டி. பாட் என்றால் மனுஷனே இல்லை, மெஷின் ஆட்டுகிற பொம்மை, மோசமாக ஆடுகிறவனையும் அப்படித் திட்டுவார்கள். ஏ.எஃப்.கே. என்றால் ஆள் போனைக் கீழே வைத்துவிட்டு எங்கோ போய்விட்டான், பொம்மை மட்டும் நிற்கிறது. லெயோன் ஒவ்வொன்றையும் துப்பாக்கியைப் பிரித்து மாட்டுகிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்.

ஒரு நாள் கேட்டார். “எஃப்பு போடுன்னு சொன்னியே, அது என்னா?”

“யாராவது செத்துட்டாங்க, இல்ல ஏதோ கெட்டது நடந்துருச்சுன்னா எல்லாரும் எஃப்புன்னு ஒரு எழுத்து போடுவாங்க. துக்கம் விசாரிக்கிற மாதிரி. ஒருத்தன் போட்டா எல்லாரும் போடணும்.”

“ஒரு மனுஷன் செத்ததுக்கு ஒரே ஒரு எழுத்தா?”

“கையில துப்பாக்கிய வெச்சுக்கிட்டு வேற என்னாப்பா எழுதறது” என்றாள் ஆமெலி.

அது சரிதான் என்று லெயோனுக்குப் பட்டது. பட்டாளத்திலும் அதிகமாக எழுதியதில்லை.

என்னையும் அதில் சேர்த்துவிடு என்று அவர் கேட்டபோது ஆமெலி முடியாது என்றாள். இது அண்ணனுக்குச் செய்கிற துரோகம் என்றாள். லெயோன் வற்புறுத்தவில்லை. மேசை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்தப் பக்கம் ரோசலியின் நாற்காலி. ஆமெலி இரண்டு நாள் பொறுத்தாள், மூன்றாம் நாள் அவர் போனைப் பிடுங்கி விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள்.

“பேசக் கூடாது. குரல் கேட்டா அடுத்த நிமிஷம் என்னையும் தள்ளி வெச்சிருவான். டைப் மட்டும்தான். முழு வாக்கியம் எழுதாதீங்க. ‘சரி, அப்படியே செய்கிறேன்’னு எந்தப் பையனும் அடிக்க மாட்டான். ஓகேக்குச் சுருக்கமா ‘கே’ போதும். பேரு என்னா போடலாம்?”

லெயோனுக்குத் தோன்றியது அவர் பிறந்து வளர்ந்த அரசலாற்றங்கரை. ஆமெலி அதோடு முதலையைச் சேர்த்தாள். அரசலாற்றில் முதலை ஏது என்று கேட்டார். பிள்ளைங்க அப்படித்தான் வைப்பாங்க என்றாள். வங்கிக்கு வரும் ஒருவரின் மகன், போனில் மைக் கெட்டுப்போயிருக்கிறது, ஆள் கொஞ்சம் மந்தம், ஆனால் நல்லவன் என்று அண்ணனிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள்.

ராத்திரி வேலை முடித்து ஒலிவியே வீடு வரும்போது காரைக்காலில் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். கடைகளெல்லாம் சாத்தி ஊர் தூங்குகிற நேரம். லெயோன் ஜன்னல்களை மூடிவிட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்காருவார். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் ஆமெலி ஆபீசில் இருப்பாள். அப்போது கோஷ்டி மூன்றே பேர்தான். ஒலிவியே, அவனோடு கிடங்கில் வேலை பார்க்கும் கார்த்திகேசன் என்ற யாழ்ப்பாணத்துப் பையன், முதலை.

நிஜத் துப்பாக்கி பிடித்த கை, போன் திரைமேல் கட்டைவிரலை வைத்தால் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. லெயோன் சுவரைப் பார்த்துச் சுட்டார். பாராசூட்டிலிருந்து கடலுக்குள் இறங்கினார். வந்த குண்டையெல்லாம் தான் வாங்கினார். கார்த்திகேசன் சிரித்தான். “மச்சான், இவன் சுத்த பாட் தான். ஏன் இவனைக் கட்டி இழுக்கிறாய்?”

“விடுடா, ஊர்ப் பையன்” என்றான் ஒலிவியே. “முதலை, எம் பின்னாடியே வா. விழுந்தா அங்கேயே கெட, நான் வரேன்.”

வருவான். ஸோன் சுருங்கிக்கொண்டிருந்தாலும் வருவான். தன் மருந்தை இவருக்குப் போட்டுவிட்டுத் தான் நொண்டிக்கொண்டு ஓடுவான். ஒரு முறைகூட விழுந்த ஆளை விட்டுவிட்டுப் போனதில்லை. பட்டாளத்துக்கு லாயக்கில்லாதவன் என்று லெயோன் பூசை வைத்த பையன் இவன்தான். லெயோனுக்குச் சில நாள் மூக்குக்கண்ணாடி மங்கிவிடும், துடைப்பதற்குள் மறுபடி சுடப்பட்டு விழுவார். அந்தக் குரல் இருக்கிற அந்த ஒன்றரை மணி நேரத்தில் மட்டும் அடுப்படியில் யாரும் நிற்கிற மாதிரி தோன்றுவதில்லை. எப்படியாவது ஒரு நாள் இவனிடம் நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். சொன்னால் இந்தக் குரலும் போய்விடும் என்று நினைத்து, ‘கே’ என்று அடிப்பார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். மூன்று பேரும் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் பதுங்கியிருந்தார்கள். கார்த்திகேசன் தன் அப்பாவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை, ஊருக்குப் போய்வர விடுப்புக் கேட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“உன்ர அப்பா என்ன செய்யிறார் மச்சான்? நீ ஒருநாளும் அவரைப் பற்றிக் கதைக்கேல்லை.”

“எங்கப்பா இல்லடா” என்றான் ஒலிவியே. “செத்துட்டாரு.”

முதலையின் துப்பாக்கி கீழே இறங்கியது.

“எப்ப?” என்றான் கார்த்திகேசன்.

“ஆச்சு, மூணு வருஷம். பூசையெல்லாம் ஆயிருச்சு.” குரலில் கோபம் இல்லை. கடைக்குப் போய்விட்டு வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னான். அதுதான் லெயோனைக் கொன்றது.

திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது. கார்த்திகேசன் எஃப் போட்டிருந்தான். ஒருத்தன் போட்டால் எல்லாரும் போட வேண்டும் என்பது முறை, போடாவிட்டால் மரியாதை இல்லை. ஒலிவியேயின் பொம்மை முதலையின் பக்கம் திரும்பிக் காத்திருந்தது.

லெயோன் தட்டுத் தடுமாறி அந்த எழுத்தைத் தேடி அழுத்தினார். தன் சாவுக்குத் தானே துக்கம் விசாரித்துவிட்டு, அந்த ஆட்டத்தை முடிவுவரை ஆடினார். என்ன ஆடினார் என்று அவருக்கு ஞாபகமில்லை.

சாயங்காலம் ஆமெலி வந்தபோது வீடு இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டாள். அப்பா நாற்காலியில் காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்தார்.

“நான் செத்துட்டேன்னு சொல்றான். ஒனக்குத் தெரியுமா?”

ஆமெலி பையைக் கீழே வைத்தாள். “தெரியும்.”

“எப்பலேந்து சொல்றான்?”

“நீங்க அவனுக்குப் பூசை வெச்ச வாரத்திலேந்து. செத்தவனுக்கு எப்படி அப்பா இருப்பாருன்னு கேட்டான். நான் என்னா பதில் சொல்லட்டும்?” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அடக்கம் பண்ணிட்டு ஜம்முனு இருக்கீங்க. நானும் அம்மாவும்தான் நடுவுல கெடந்து செத்தோம்.”

லெயோன் காதிலிருந்து ஒயரைக் கழற்றினார். இரண்டாவது மெழுகுவத்தி யாருக்கு என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. தன் கண்முன்னால் தன் மெழுகுவத்தி எரிந்து கரைவது தெரிந்தது. எதையும் கொட்டித் தீர்த்துவிடுகிற மனுஷன் இல்லை அவர், ஆனால் அன்று இரவு ரோசலியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். ஆமெலி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த சில நாள் முதலை விளையாடப் போகவில்லை. ‘எங்கடா போன, நூப்பு’ என்று ஒலிவியேயிடமிருந்து செய்தி வந்தது. பேயையும் தேடி ஆள் வருகிறது என்று லெயோன் நினைத்துக்கொண்டார்.

கல்லறைத் திருநாள் வந்தது. செத்தவர்களின் கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியுமாக ஊரே போகிற நாள். ஆமெலி வங்கிப் பயிற்சிக்குப் பாண்டிச்சேரி போயிருந்தாள். லெயோன் காலையிலேயே குடை பிடித்துக்கொண்டு தனியாகப் போனார். தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி, காற்றுக்கு மறைவாக அதற்குள் மெழுகுவத்தியை நிறுத்திக் கொளுத்தினார். வாங்கிய பாக்கெட்டில் ஆறு மெழுகுவத்தி இருந்தது. இன்னொன்றை எடுத்தார், கையில் வைத்துக்கொண்டு நின்றார், மறுபடி பையில் போட்டுக்கொண்டார். மாரிக்கண்ணு தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. போனைத் திறந்தார். ஒலிவியே மட்டும் இருந்தான். கார்த்திகேசன் ஊருக்குப் போய்விட்டான். இருவரும் தீவில் இறங்கினார்கள். ஒரு வீட்டு மாடியில் ஒலிவியே தன் பொம்மையை உட்காரவைத்தான். துப்பாக்கி எதையும் எடுக்கவில்லை.

“இன்னிக்கு ஆட மனசில்லடா முதலை. இன்னிக்குக் கல்லறைத் திருநாள்.” கொஞ்ச நேரம் மழை மாதிரி ஒரு இரைச்சல், அவன் பக்கத்துக் குழாய்ச் சத்தமாக இருக்கலாம். “தங்கச்சி ஊர்ல இல்ல. எங்கம்மாவுக்கு யாராச்சும் மெழுகுவத்தி ஏத்துனாங்களான்னு தெரியல. நீ காரைக்கால்தானே. சாயங்காலம் கல்லறைப் பக்கம் போவியா? ரோசலின்னு போட்டிருக்கும். ஒண்ணு ஏத்திட்டு ஃபோட்டோ அனுப்பு. பெரிய உதவிடா.”

‘கே’ என்று அடிக்க வேண்டும். லெயோனின் விரல் அந்த எழுத்தின்மேல் நின்றது. அழுத்தினால், சாயங்காலம் போய் ஒரு படம் எடுத்து அனுப்பிவிடலாம். நாளைக்கும் குரல் கேட்கும், நாளன்றைக்கும் கேட்கும். செத்தவனாக இருந்துகொண்டு மகன் குரலைக் கேட்டுக்கொண்டே மிச்சத்தை ஓட்டிவிடலாம்.

“முதலை?” என்றான் ஒலிவியே. “ஏ.எஃப்.கே.வா? இருக்கியா, இல்லியா?”

லெயோன் நாற்காலியை விட்டு எழுந்தார். முதுகை நிமிர்த்தினார். மைக்கைத் தொட்டுத் திறந்தார்.

“ப்ரெஸான்” என்றார்.

அந்தப் பக்கம் குழாய் நின்றது. பொம்மை அசையவில்லை. தூரத்தில் ஸோன் நகர ஆரம்பித்து, நீலச் சுவர் மாதிரி வயல்களைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. ஒலிவியே ஒரே ஒரு தட்டில் வெளியே போய்விடலாம். லெயோன் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார்.

அவன் போகவில்லை. நீலச் சுவர் பாதி வயலைத் தாண்டியபோது அவன் குரல் வந்தது. அது லெயோனின் குரல். மேசை ஓரத்தில் நின்று கூப்பிடும் அதே விறைப்பு, அதே இழுப்பு.

“ரோசலி?”

லெயோன் அவளுடைய நாற்காலியைப் பார்த்தார்.

“ரோசலி?” என்றான் மறுபடி.

இங்கதானே நிக்கிறேன், எங்க போயிட்டேன் என்கிற பதிலுக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். காரைக்காலில் அடுப்படி நிசப்தமாக இருந்தது. லெயோன் அந்தப் பக்கம் திரும்பினார். இத்தனை நாள் திரும்பாதவர், திரும்பி நன்றாகப் பார்த்தார். யாரும் இல்லை.

“அம்மா இல்லப்பா” என்றார். “போயிட்டா. என்னாலதான் பதில் சொல்லாம போயிட்டா.”

ஸோன் வீட்டைத் தொட்டது. இருவரின் உயிர்க் கோடும் குறைய ஆரம்பித்தது. ஓட வேண்டும் என்பது இப்போது லெயோனுக்கும் தெரியும். யாரும் ஓடவில்லை. பொம்மைகள் இரண்டும் மாடியிலேயே சரிந்தன. ஆட்டம் முடிந்து, ஆரம்பத்தில் கோஷ்டி வரிசையாக நிற்கும் இடத்துக்குத் திரை திரும்பியது. ஒலிவியேயும் முதலையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

“மெழுகுவத்தி ஏத்துனீங்களா?” என்றான் ஒலிவியே.

“காலையிலயே ஏத்திட்டேன்.”

“எத்தனை?”

“ஒண்ணுதான். அவளுக்கு மட்டும்.” லெயோன் பையிலிருந்த மிச்சத்தைத் தொட்டுப் பார்த்தார். “நீ எனக்கு ஏத்துனியே, அதை ஏத்த எனக்குக் கை வரல.”

“அது உங்களுக்கு இல்ல” என்றான் ஒலிவியே. “எனக்கு. எம் பேருக்குப் பூசை வெச்சீங்க, மெழுகுவத்தி யாரும் ஏத்தலியே. அதான் நானே ஏத்திக்கிட்டேன்.”

லெயோன் மேசையைப் பிடித்துக்கொண்டார். மன்னிச்சிரு என்று கேட்டுப் பழக்கமில்லை. அந்த மனுஷனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோயில் ஆபீசில் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து மகன் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இப்போது மேசை ஓரத்தில் நேராக நின்று, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி கூப்பிட்டார்.

“ஒலிவியே?”

வெளியே மழை விட்டிருந்தது. கடைகள் திறக்கிற ஷட்டர்ச் சத்தம் தெருவிலிருந்து வந்தது. லெயோன் இரண்டாம் முறை கூப்பிடவில்லை, காதில் ஒயரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது, பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். அதற்கப்புறம் அவன் பதில் சொன்னான்.